முதல் பந்தியில் யார்?

குழந்தையின் குடலில் குடியேறும் பாக்டீரியா, எதிர்ப்பு சக்தி, மூளை வளர்ச்சி: ஆய்வுகள் சொல்வதும் கடைகள் விற்பதும்

இரவு எட்டு மணிக்கு மருந்துக்கடை கவுன்டரில் நிற்க இடமில்லை. சர்க்கரை மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் நீளும் சீட்டுகளுக்கு நடுவே, இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தையோடு ஒரு பாட்டி முண்டியடித்து முன்னே வருகிறார்.

"தம்பி, பேரனுக்கு நேத்துலேருந்து தண்ணியாவே போவுது. அஞ்சாறு வாட்டி ஆயிடுச்சு."

"காய்ச்சல் இருக்காம்மா? வாந்தி?"

"லேசா சூடு இருக்கு. பால் குடிக்கிறான்."

அதற்குமேல் கேள்வி இல்லை. கடைக்காரரின் கை அலமாரிக்கும் கவுன்டருக்கும் பழகிய வேகத்தில் போய்வருகிறது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இரண்டு. ஜிங்க் சிரப் ஒன்று. கொதித்து ஆறிய தண்ணீர் ஊற்றிக் குலுக்கவேண்டிய ஆன்டிபயாடிக் பொடி பாட்டில் ஒன்று. கடைசியாக, ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் குட்டி பிளாஸ்டிக் குப்பிகளின் வரிசையிலிருந்து ஐந்தைப் பிய்த்து வைக்கிறார்.

"இது எதுக்குப்பா?"

"நல்ல பாக்டீரியாம்மா. ஆன்டிபயாடிக் கெட்டதோட சேத்து நல்லதையும் கொன்னுடும்ல? இது அதைத் திரும்பக் கொண்டாந்துடும். எதிர்ப்பு சக்திக்கும் நல்லது."

பாட்டி குப்பியை டியூப்லைட் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது. காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிறார்.

அந்தப் பைக்குள் போன நான்கில் முதல் இரண்டும் சந்தேகமில்லாமல் உயிர் காப்பவை. குழந்தைகளுக்கு வரும் வயிற்றுப்போக்கு பெரும்பாலும் வைரஸ் வேலை என்பதால், மலத்தில் ரத்தம் போன்ற அறிகுறி இல்லாதவரை மூன்றாவதால் பயன் இல்லை, பாதிப்பு உண்டு. நான்காவதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

'குடல்தான் இரண்டாவது மூளை' என்று வாட்ஸ்அப் சொல்கிறது. 'உங்கள் குழந்தையின் ஐக்யூ வயிற்றில் தொடங்குகிறது' என்று விளம்பரம் சொல்கிறது. பால் பவுடர் டின், தயிர் டப்பா, சப்பிச் சாப்பிடும் மிட்டாய் என எல்லாவற்றிலும் 'நல்ல பாக்டீரியா' ஏறிவிட்டது. இவ்வளவு சத்தத்துக்கும் அடியில் உண்மையான அறிவியல் ஒன்று இருக்கிறது. அதில் முக்கியமான சில பக்கங்கள் எழுதப்பட்டது நமக்கு ரொம்பத் தூரத்திலும் இல்லை: ஒடிசாவின் கிராமங்கள், டாக்கா நகரின் குடிசைப் பகுதி, நம்முடைய வேலூர். ஆனால் அந்த ஊர்களில் கண்டுபிடித்தது ஒன்று, கவுன்டரில் விற்பது வேறொன்று.

பிறந்த அன்றே தொடங்கும் குடியேற்றம்

கருப்பையில் இருக்கும்வரை குழந்தையின் குடல் ஏறக்குறைய காலி மனை. பனிக்குடம் உடைந்த நிமிடத்திலிருந்து குடியேற்றம் தொடங்குகிறது. தாயின் பிறப்புவழி, தாயின் மலம், தோல், மருத்துவமனைக் காற்று, முதலில் தூக்கும் கைகள் என எல்லாத் திசையிலிருந்தும் வருகிறார்கள். கல்யாண வீட்டு முதல் பந்தி மாதிரிதான் இதுவும். முந்தி வந்து இலை பிடித்தவர் எளிதில் எழுந்திருக்க மாட்டார். பின்னால் வருபவர், எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும், இடம் கிடைக்காமல் நிற்கவேண்டியதுதான்.

1899-இல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் ஆன்ரி திசியே, தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் கவட்டைபோல் இரண்டாகப் பிரிந்த ஒரு பாக்டீரியாவைக் கண்டார். அதைத்தான் இன்று பிஃபிடோபாக்டீரியம் என்கிறோம். நூறாண்டுக்கு மேல் கழித்து மரபணு வரிசை படிக்கும் எந்திரங்கள் வந்தபிறகே முழுப் பட்டியலும் தெரியத் தொடங்கியது.

சிசேரியன் குழந்தைகளின் பட்டியல் மாறுபடுகிறது என்பது இப்போது உறுதியாகிவிட்டது. பிரிட்டனில் ஏறக்குறைய 600 குழந்தைகளின் மலத்தைப் பரிசோதித்து 2019-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வு இதில் பெரியது. சிசேரியனில் பிறந்தவர்களுக்குத் தாயிடமிருந்து வரவேண்டிய பாக்டீராய்டிஸ் வகை போய்ச்சேரவில்லை. அந்த இடத்தில் கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ் போன்ற மருத்துவமனை வாசிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு முதல் ஒன்பது மாதத்துக்குள் வித்தியாசம் பெருமளவு மறைந்துவிட்டது. பாக்டீராய்டிஸ் மட்டும் பின்தங்கியே இருந்தது.

தமிழ்நாட்டில் இது சின்ன விஷயம் இல்லை. இங்கே நூறு பிரசவத்தில் 45 சிசேரியன். தாய், சேய் உயிரைக் காப்பாற்றும்போது அந்தக் கத்திக்கு நிகர் கிடையாது. ஆபரேஷன் செய்துகொண்ட அம்மாவை 'உன்னால்தான் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது' என்று குத்திக் காட்டுவதற்கு எந்த ஆய்வும் உரிமை தரவில்லை. நாள், நட்சத்திரம் பார்த்துக் குறிக்கப்படும் சிசேரியன்களைப் பற்றித்தான் கேள்வி கேட்கவேண்டும்.

■ எண்களில்

70 கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் உடலில் உள்ள பாக்டீரியா: சுமார் 38 லட்சம் கோடி. மொத்த எடை சுமார் 200 கிராம். 'மனித செல்லைவிடப் பத்து மடங்கு' என்ற பழைய கணக்கு 2016-இல் திருத்தப்பட்டது. இரண்டும் கிட்டத்தட்டச் சமம்.

சிசேரியன் பிரசவங்கள் (தேசியக் குடும்பநல ஆய்வு 5, 2019–21): இந்தியா 21.5 சதவீதம். தமிழ்நாடு 44.9 சதவீதம். தமிழ்நாட்டின் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8 சதவீதம்.

ஆறு மாதத்துக்குள் தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் (அதே ஆய்வு): இந்தியா 63.7 சதவீதம். தமிழ்நாடு 55.1 சதவீதம்.

குழந்தைக்குச் செரிக்காத தாய்ப்பால்

தாய்ப்பாலில் லாக்டோஸ், கொழுப்பு இரண்டுக்கும் அடுத்து அதிகம் இருக்கும் திடப்பொருள் எது என்று கேட்டால் பலரும் புரதம் என்பார்கள். ஒருவகைச் சங்கிலிச் சர்க்கரை என்பதுதான் விடை. அதில் சுமார் 200 ரகம் உண்டு. வேடிக்கை என்னவென்றால், அவற்றில் ஒன்றைக்கூடக் குழந்தையால் செரிக்க முடியாது. தன் உடம்பைக் கரைத்து ஒரு தாய் இவ்வளவு சர்க்கரையை ஏன் செய்யவேண்டும்?

கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் புரூஸ் ஜெர்மன் குழுவினர் இதற்குப் பதில் தேடினார்கள். அந்தச் சர்க்கரையை முழுவதுமாக உடைத்துச் சாப்பிடும் கருவிகள் கொண்ட பாக்டீரியா, பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ். அது சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியிடுகிறது. அமிலம் ஏறிய குடலில் நோய்க்கிருமிகளால் தலைதூக்க முடிவதில்லை. தாய்ப்பாலில் ஒரு பங்கு பாக்டீரியாவுக்கான தீனி என்றால் மிகையில்லை. பணக்கார நாடுகளின் குழந்தைகளிடம் இந்த இனம் அருகி வருகிறது. நூறாண்டு ஆய்வுத் தரவுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அங்கே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்தில் அமிலத்தன்மையே குறைந்துகொண்டு வந்திருக்கிறது.

நம் ஊர்ச் சிக்கல் வேறு. ஆஸ்பத்திரி வார்டில் குழந்தையைத் துடைத்துக் கொடுத்த கையோடு, 'நல்ல குணம்' உள்ள பெரியவர் ஒருவர் சேனை தொட்டு வைப்பார். விரலில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ. அவர் குணம் குழந்தைக்கு ஒட்டும் என்பது நம்பிக்கை. அவர் விரலில் இருக்கும் கிருமி ஒட்டும் என்பது நிச்சயம். தேனில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் விதைகள் தேனில் இருக்கக்கூடும். பெரியவர்கள் குடலில் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் கூட்டம் அதை முளைக்க விடாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் குடலில் அந்தக் கூட்டம் இன்னும் சேரவில்லை; விதை முளைத்து, நரம்பைத் தளர வைக்கும் நஞ்சைக் கக்கிவிடும். ஒரு வயதுவரை தேன் கூடாது என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

கழுதைப் பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். தெருவில் கழுதையை நிறுத்தி, கண் முன்னாலேயே கறந்து, சங்கில் ஊற்றிக் கொடுப்பார்கள். சுத்தம் என்று நினைக்கிறோம். காய்ச்சாத பால், கழுவாத கை, தெருப்புழுதி மூன்றும் சேர்ந்து பச்சிளங்குழந்தையின் வயிற்றுக்குள் போகின்றன. இதற்கிடையே சீம்பால் தள்ளிப்போகிறது.

கிருமியோடு பழகிய எதிர்ப்பு சக்தி

நம் உடம்பின் எதிர்ப்பு செல்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் இருக்கிறது. உள்ளே வருவதில் எது உணவு, எது விருந்தாளி, எது எதிரி என்று பிரித்தறிய அது கற்கும் காலம் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள். அந்தப் பாடத்தைச் சுற்றியிருக்கும் கிருமிகள் எப்படி மாற்றுகின்றன என்பதற்கு உலகம் அடிக்கடி காட்டும் உதாரணம் அமெரிக்காவின் ஆமிஷ், ஹட்டரைட் சமூகங்கள். இருவரும் ஐரோப்பாவிலிருந்து போன விவசாயிகள். மரபணுவில் நெருக்கம், உணவில் ஒற்றுமை. ஆமிஷ் வீட்டுக்குப் பக்கத்திலேயே மாட்டுத் தொழுவம்; ஹட்டரைட்டுகளுக்குத் தொலைவில் எந்திரப் பண்ணை. ஆமிஷ் குழந்தைகளில் ஆஸ்துமா 5.2 சதவீதம், ஹட்டரைட்டுகளில் 21.3. இரு வீடுகளின் தூசியையும் சேகரித்து எலிகளின் மூக்கில் விட்டுப் பார்த்தபோது, ஆமிஷ் வீட்டுத் தூசி ஆஸ்துமாவைத் தடுத்தது. 2016-இல் வந்த முடிவு இது.

பின்லாந்தையும் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ரஷ்யக் கரேலியாவையும் ஒப்பிட்ட ஆய்வும் இதே திசையில்தான் காட்டியது. வளமான பின்லாந்துக் குழந்தைகளிடம் முதல் வகைச் சர்க்கரை நோய் பல மடங்கு அதிகம். குடலில் குடியிருக்கும் இனங்களும் வேறு.

இதைப் படித்துவிட்டு 'மண்ணில் புரண்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. அவர்கள் வேலூருக்கு ஒருமுறை வரவேண்டும்.

வேலூர் சொல்லும் மறுகதை

1970-களின் தொடக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் டி. ஜேக்கப் ஜான் ஒரு முரணைக் கவனித்தார். மேலை நாடுகளில் மூன்று தவணையில் வேலை செய்த போலியோ சொட்டு மருந்து, அதே மூன்று தவணையில் இங்கே பல குழந்தைகளுக்குப் பாதுகாப்புத் தரவில்லை. கூடுதல் தவணை வேண்டும் என்று அவர் வாதாடினார். பிறகு, பேதியை உண்டாக்கும் ரோட்டாவைரஸுக்கு எதிரான சொட்டு மருந்து வந்தபோதும் இதே கதை. பணக்கார நாடுகளில் அதன் பலன் தூக்கலாக இருக்கும். டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சோதிக்கப்பட்ட நம் நாட்டு ரோட்டாவைரஸ் தடுப்பு மருந்து, தீவிர நோயை முதல் ஆண்டில் தடுத்தது சுமார் 56 சதவீதம். அதுவே பல ஆயிரம் உயிர்களைக் காக்கும் அளவு என்பதால் 2016-இல் தேசியத் திட்டத்துக்குள் வந்தது. ஆனாலும் மிச்சத்துக்கு என்ன ஆயிற்று?

வாய்வழி மருந்து வேலை செய்யும் இடம் குடல். அந்தக் குடல் பிறந்த சில வாரத்திலேயே கிருமிகளால் நிரம்பி, உள்ளுக்குள் கொஞ்சம் வீங்கியே இருந்தால்? வேலூர், மலாவி, பிரிட்டன் மூன்றிடத்துக் குழந்தைகளையும் ஒப்பிட்டு 2021-இல் ஒரு ஆய்வு வந்தது. முதல் மாதத்தில் குடல் பாக்டீரியா வகைகள் அதிகம் இருந்தது வேலூரிலும் மலாவியிலும். தடுப்பு மருந்துக்கு எதிர்வினை குறைவாக இருந்ததும் அங்கேதான். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்களுக்கும் இதில் பங்கு உண்டு. 'வகை கூடக் கூட நல்லது' என்று பெரியவர்களுக்குச் சொல்லப்படும் விதி, பால்குடிக் குழந்தைக்குத் தலைகீழாகிறது. அந்த வயதில் பிஃபிடோபாக்டீரியம் மட்டும் நிறைந்து, மற்றவை குறைவாக இருக்கும் குடல்தான் ஆரோக்கியமான குடல்.

சரி, குடலைச் சரிசெய்து மருந்து கொடுத்தால்? அதையும் வேலூர்க் குழு செய்து பார்த்தது. போலியோ சொட்டு மருந்துக்கு முன்னால் மூன்று நாள் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். குடலில் நோய்க்கிருமிகள் குறைந்தன, வீக்கத்தின் அடையாளங்களும் குறைந்தன. சொட்டு மருந்தின் பலன் ஏறவில்லை. இன்னொரு சோதனையில் ஜிங்க்கும், ப்ரோபயாட்டிக் எனப்படும் 'நல்ல பாக்டீரியா'வும் சேர்த்துக் கொடுத்தார்கள். ரோட்டாவைரஸ் மருந்துக்குக் கொஞ்சம் முன்னேற்றம் தெரிந்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. சரிப்பட்டு வராத சோதனை முடிவுகளையும் ஒளிக்காமல் வெளியிட்டதை நான் பெரிய வேலையாக மதிக்கிறேன். குப்பி விற்பவர்கள் யாரும் இந்த இரண்டையும் சொல்வதில்லை.

ஊசி வழித் தடுப்பு மருந்திலும் குடலின் கை இருக்கிறது என்று 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து செய்தி வந்தது. பிறந்த சில நாளுக்குள் ஆன்டிபயாடிக் கொடுக்கப்பட்ட குழந்தைகளுக்கு, ஏழாவது மாதத்தில் நிமோனியா தடுப்பூசியின் எதிர்ப்புப் புரதம் குறைவாக இருந்தது. அவர்கள் குடலில் பிஃபிடோபாக்டீரியமும் குறைவு. பிரசவ நேரத்தில் தாய்க்கு மட்டும் கொடுத்த ஆன்டிபயாடிக் அப்படிப் பாதிக்கவில்லை. பச்சிளங்குழந்தைக்கு ரத்தத்தில் தொற்று என்றால் ஆன்டிபயாடிக் கட்டாயம். ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்க முடியாது. 'எதற்கும் இருக்கட்டும்' என்று போடும் ஊசிக்குத்தான் இந்த ஆய்வு விலை சொல்கிறது.

ஒடிசாவின் ஏழு நாள் மருந்து

ப்ரோபயாட்டிக் எதுவுமே பலன் தராதா? தரும் என்று காட்டிய மிக வலுவான ஆய்வுகளில் ஒன்று ஒடிசாவில் நடந்தது. டாக்டர் பினாகி பாணிக்கிரஹி தலைமையிலான குழு, பல வகை பாக்டீரியாக்களைச் சோதித்து, பச்சிளங்குழந்தையின் குடலில் தங்கி நிற்கும் ஒன்றைத் தேர்ந்தெடுத்தது: லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம். அதற்குத் தீனியாக ஒரு தாவரச் சர்க்கரையும் சேர்த்துக் கொண்டார்கள். கிராமங்களில் பிறந்த 4,556 குழந்தைகளில் பாதிப் பேருக்கு இந்த மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. ஏழே நாள். யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது.

இரண்டு மாதம் கண்காணித்தார்கள். வெறும் மாவு பெற்றவர்களில் ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தது 9 சதவீதம். மருந்து பெற்றவர்களில் 5.4 சதவீதம். நுரையீரல் தொற்றும் குறைந்தது. பலன் அவ்வளவு தெளிவாக இருந்ததால் திட்டமிட்டதற்கு முன்பே சோதனையை நிறுத்திவிட்டார்கள். ஒரு குழந்தைக்கான செலவு ஏறக்குறைய ஒரு டாலர். முடிவு 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்தது.

நுணுக்கம் இங்கேதான். அந்தக் குழந்தைகள் எல்லோரும் இரண்டு கிலோவுக்குக் குறையாத எடையோடு, 35 வாரம் தாண்டிப் பிறந்தவர்கள், தாய்ப்பால் குடித்தவர்கள். கொடுத்தது ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவின் குறிப்பிட்ட ரகம். பெயர் ஒன்றாக இருந்தாலும் ரகம் மாறினால் வேலையும் மாறும். குறைமாதக் குழந்தைகளுக்கு வேறொரு ரகத்தைக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் சோதனையில் எந்தப் பலனும் இல்லை. 2023-இல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தை, கொடுக்கப்பட்ட ப்ரோபயாட்டிக் பாக்டீரியாவே ரத்தத்தில் பரவி இறந்துபோனது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டது.

நம் அரசு ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டுகளில் ஒடிசா மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. ஒரு டாலர் மருந்தில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

மூளைக்குப் போகும் வழி

குடலுக்கும் மூளைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வேகஸ் என்ற நரம்பு ஒரு பாதை. பாக்டீரியாக்கள் நார்ச்சத்தை உடைத்து உண்டாக்கும் அமிலங்கள் ரத்தம் வழியாகப் போவது இன்னொன்று. எதிர்ப்பு மண்டலம் மூன்றாவது.

2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் நொபுயுகி சூடோவின் குழு செய்த சோதனைதான் பலரையும் இந்தப் பக்கம் திருப்பியது. பிறந்ததிலிருந்து ஒரு கிருமியும் படாமல் வளர்த்த எலிகளைக் குறுகிய குழாயில் ஒரு மணி நேரம் அடைத்து வைத்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் ரத்தத்தில் பதற்ற ஹார்மோன் அதிகமாக ஏறியது. பிஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ் மட்டும் கொடுத்து வளர்த்தபோது அந்தப் பதற்றம் தணிந்தது. முக்கியமான விஷயம் இது: சாதாரண எலியின் குடல் பாக்டீரியாக்களைக் குட்டிப் பருவத்தில் கொடுத்தால் ஓரளவு சரியாயிற்று, வளர்ந்தபின் கொடுத்தால் ஆகவில்லை. பின்னால் ஜெர்மனியின் ஃப்ரைபர்கில், கிருமியில்லா எலிகளின் மூளையில் காவல் செல்கள் முதிராமல் இருப்பதைக் கண்டார்கள்.

எலிவரை கதை திடமாக இருக்கிறது. மனிதக் குழந்தைக்கு வரும்போது கவனம் வேண்டும். வட கரோலினாவில் 89 குழந்தைகளுக்கு ஒரு வயதில் மலப் பரிசோதனையும் இரண்டு வயதில் அறிவுத்திறன் சோதனையும் செய்து 2018-இல் வெளியிட்டார்கள். பாக்டீராய்டிஸ் அதிகம் இருந்த குழந்தைகள் நன்றாகச் செய்தார்கள். பாக்டீரியா வகை அதிகம் இருந்தவர்கள் மதிப்பெண்ணில் பின்தங்கினார்கள். ஆய்வாளர்கள் எதிர்பார்த்ததற்கு நேர்மாறு. எது காரணம், எது விளைவு என்று 89 பேரை வைத்துச் சொல்ல முடியாது என்பதை அவர்களே ஒப்புக்கொண்டார்கள்.

'செரோடோனினில் 90 சதவீதம் குடலில்தான் சுரக்கிறது, அதனால் குடலே மகிழ்ச்சி' என்று ஒரு பகிர்வு சுற்றுகிறது. முதல் பாதி உண்மை. குடலில் சுரக்கும் செரோடோனின் மூளைக்குள் நுழையாது என்ற இரண்டாம் பாதியை யாரும் பகிர்வதில்லை.

■ ஆட்டிசமும் குடலும்

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலருக்கு மலச்சிக்கல், வயிற்றுவலி உண்டு. குடல் பாக்டீரியாக்களும் வேறுபடுகின்றன. 'குடலைச் சுத்தம் செய்தால் ஆட்டிசம் போய்விடும்' என்று இதை வைத்துக் காசு பறிக்கும் இடங்கள் நம் நகரங்களிலும் முளைத்திருக்கின்றன. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 247 குழந்தைகளைப் பார்த்து 2021-இல் சொன்னது: ஆட்டிசம் உள்ள குழந்தை சில உணவுகளை மட்டுமே சாப்பிடுகிறது, உணவு குறுகுவதால் பாக்டீரியா வகைகள் குறைகின்றன. பாக்டீரியா ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்பதற்கு அவர்கள் தரவில் ஆதாரம் கிடைக்கவில்லை. வயிற்றுத் தொல்லைக்கு வைத்தியம் பார்க்கவேண்டும். ஆட்டிசத்துக்குக் குடல் வைத்தியம் என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

மிர்பூரின் வாழைக்காய்ப் பசை

மூளைக்கும் குடலுக்கும் உள்ள உறவில் நம் பகுதிக்கு மிகப் பெரிய பாடம் டாக்காவின் மிர்பூரிலிருந்து வருகிறது. குறுகிய சந்துகள், பொதுக் குழாய், நெருக்கியடித்த தகர வீடுகள். அங்கே வயிற்றுப்போக்கு ஆய்வுக்கான சர்வதேச மையம் பல ஆண்டுகளாக வேலை செய்கிறது. உள்ளூர்க்காரர்களுக்கு அது 'காலரா ஆஸ்பத்திரி'. டாக்டர் தஹ்மீத் அகமதும், அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி கோர்டனும் சேர்ந்து ஒரு பழைய புதிரைக் கையிலெடுத்தார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சத்துணவு கொடுத்தால் எடை ஏறுகிறது. ஆனால் உயரமும் மூளை வளர்ச்சியும் முழுதாக எட்டிப் பிடிப்பதில்லை. ஏன்?

கோர்டன் குழு 2013-இல் மலாவியில் இரட்டைக் குழந்தைகளைப் பார்த்திருந்தது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு. ஒரு குழந்தைக்கு உடல் வீங்கும் சத்துக்குறை நோய், இன்னொன்றுக்கு இல்லை. நோயுற்ற குழந்தையின் குடல் பாக்டீரியாவை எலிக்கு மாற்றி, மலாவி உணவைக் கொடுத்தார்கள். எலி எடை இழந்தது. அடுத்த ஆண்டு டாக்கா தரவுகள் காட்டியது இன்னும் வியப்பு: சத்துக் குறைந்த குழந்தையின் குடல் பாக்டீரியா அதன் வயதைவிட இளையது. ஒன்றரை வயதுக் குழந்தைக்குள் சில மாதம் இளைய குழந்தையின் குடல். சத்து மாவு கொடுக்கும்வரை முன்னேறி, நிறுத்தியதும் பழையபடி பின்வாங்கியது.

அப்படியானால் குழந்தைக்கும் பாக்டீரியாவுக்கும் சேர்த்துச் சமைக்கவேண்டும். உள்ளூரில் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாக எலியிலும் பன்றிக்குட்டியிலும் சோதித்து ஒரு கலவைக்கு வந்தார்கள்: கொண்டைக்கடலை மாவு, நிலக்கடலை மாவு, சோயா மாவு, பச்சை வாழைக்காய். சர்க்கரை, எண்ணெய், வைட்டமின் சேர்த்த பசை. மிர்பூரில் 12 முதல் 18 மாதம் வரையுள்ள, மிதமான சத்துக்குறைபாடு கொண்ட 123 குழந்தைகள் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். பாதிப் பேருக்கு இந்தப் பசை. மீதிப் பேருக்கு வழக்கமான அரிசி–பருப்பு சத்துணவு. மூன்று மாதம், நாளுக்கு இரண்டு வேளை. 2021-இல் முடிவு வந்தது. கலோரி குறைவாக இருந்தும் புதிய பசை சாப்பிட்டவர்களே வேகமாக எடை ஏறினார்கள். ரத்தத்தில் எலும்பு வளர்ச்சியோடும் நரம்பு வளர்ச்சியோடும் தொடர்புடைய புரதங்கள் உயர்ந்தன. வீக்கத்தின் அடையாளங்கள் குறைந்தன. புரதம் உயர்ந்ததால் குழந்தை கெட்டிக்காரன் ஆகிவிடுவான் என்று பொருள் இல்லை. ஆனாலும் இந்தத் துறையில் மனிதக் குழந்தைகளிடம் கிடைத்த ஆகத் தெளிவான வழிகாட்டல் இதுதான். அந்தக் கலவையில் உயிருள்ள பாக்டீரியா ஒன்றுகூட இல்லை. ஏற்கெனவே இருப்பதற்குத் தீனி மட்டுமே.

நான்கு பொருளும் நம் மளிகைக்கடையில் இருப்பவைதான். உடனே மிக்ஸியைத் தூக்க வேண்டாம். விகிதம், அரைப்பு, சேர்த்த நுண்சத்து எல்லாம் கணக்குப் பார்த்துச் செய்தவை. அங்கன்வாடி சத்து மாவை வடிவமைப்பவர்கள் மிர்பூர் அறிக்கையைப் படித்தால் நன்றாக இருக்கும்.

அந்தக் குப்பிக்கு என்ன மதிப்பு?

2018-இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் தனித்தனியாக இரண்டு பெரிய சோதனைகள். வயிற்றுப்போக்கோடு அவசரப் பிரிவுக்கு வந்த மொத்தம் 1,800-க்கும் மேற்பட்ட குழந்தைகள். பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் வகை ப்ரோபயாட்டிக், பாதிப் பேருக்குப் போலி மருந்து. பேதி நின்ற நாளில் வித்தியாசமே இல்லை. 2020-இல் அமெரிக்க இரைப்பை–குடல் மருத்துவர் சங்கம், குழந்தைகளின் சாதாரண வயிற்றுப்போக்குக்கு ப்ரோபயாட்டிக் பரிந்துரைக்க வேண்டாம் என்றது. நம் கடைகளில் விற்கும் ரகங்கள் வேறாக இருக்கலாம், நம் குழந்தைகளும் வேறுதான். ஆனால் 'கொடுத்தால் நல்லது' என்பதை நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது.

■ டாக்டரிடம் கேட்க

பேதி, சளி, காய்ச்சல் எதுவானாலும்: 'இது வைரஸா பாக்டீரியாவா டாக்டர், ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு நாள் பார்க்கலாமா?' எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கக் கொடுக்கவேண்டும். வீட்டில் மீந்த பாட்டிலை அடுத்த குழந்தைக்கு ஊற்றக் கூடாது. பேதிக்கு ஓ.ஆர்.எஸ்., 14 நாள் ஜிங்க் (ஆறு மாதத்துக்குக் கீழ் 10 மி.கி., மேலே 20 மி.கி.), தாய்ப்பாலும் வழக்கமான சாப்பாடும் நிறுத்தாமல். கண் குழிந்தால், சிறுநீர் குறைந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், குழந்தை சோர்ந்து படுத்தால் நேரே ஆஸ்பத்திரி.

குழாய்த் தண்ணீர் வரை

வேலூரின் குடிசைப் பகுதிகளில் பிறந்த குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. எட்டு நாடுகளில் ஒரே நேரத்தில் நடந்த திட்டத்தின் இந்தியக் களம் அது. அங்கே தெரிந்தது: பேதி இல்லாத நாளிலும் குழந்தையின் மலத்தில் நோய்க்கிருமிகள் இருந்தன. தாய்க்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. உள்ளே குடல் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. வளர்ச்சிக்குப் போகவேண்டிய சத்து அதில் கரைந்தது. மூளைக்குப் போகவேண்டியதும் அதில் சேரும். இரண்டு வயதுக்குள் மூளை தன் முழு அளவின் முக்கால் பங்கைத் தாண்டிவிடுகிறது.

கழிப்பறையும் சோப்பும் கொடுத்தால் இது நின்றுவிடும் என்று நம்பித்தான் பங்களாதேஷ், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் ஆயிரக்கணக்கான வீடுகளில் சோதனை நடந்தது. குழிக் கழிப்பறை, கைகழுவும் வசதி, தண்ணீரில் போட குளோரின். 2018, 2019-இல் முடிவுகள் வந்தன. பங்களாதேஷில் பேதி குறைந்தது. மற்ற இரண்டிலும் அதுகூட இல்லை. குழந்தைகளின் உயரம் மூன்று நாட்டிலும் ஏறவில்லை. அவ்வளவு அழுக்குச் சூழலில் அவ்வளவு சின்ன மாற்றம் போதாது என்றார்கள் ஆய்வாளர்கள். அவர்கள் அடுத்துக் கேட்பது வீட்டுக்குள் வரும் சுத்தமான குழாய்த் தண்ணீர், மூடிய சாக்கடை, கோழியும் ஆடும் நடமாடாத தரையில் குழந்தை தவழ ஓர் இடம். சுகாதாரத் துறையின் மருந்துப் பட்டியலில் இவற்றுக்கு வரிசை எண் கிடையாது. நகராட்சியின் டெண்டர் நோட்டீஸில்தான் தேடவேண்டும்.